டிராகன் ஏஜ் 2 ஆடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன மாதிரி கேம்?

கனடாவின் பயோவேர் நிறுவனம் உருவாக்கி, இஏ நிறுவனம் 2011 மார்ச்சில் வெளியிட்ட ஃபேன்டஸி ரோல் பிளேயிங் கேம். 2009 நவம்பரில் வந்த டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸின் அடுத்த பாகம். நான்கு பேர் கொண்ட குழுவைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றி, ஆட்களோடு பேசி, சண்டை போட்டு, முடிவெடுத்துக்கொண்டே போகும் வகை. சைட் குவெஸ்டுகளையும் (முதன்மைக் கதைக்கு வெளியே வரும் சின்னச் சின்ன வேலைகள்) சேர்த்தால் 30, 40 மணி நேரம் ஓடும்.

வெளிவந்தபோது விமர்சகர்கள் நன்றாகவே மதிப்பெண் போட்டார்கள். விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் 100க்கு 80ஐ ஒட்டி நின்றது. ஆடியவர்கள் போட்ட மதிப்பெண்ணோ 10க்கு 5ஐக்கூடத் தொடவில்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்பது என் கட்சி. இதில் எழுத்து முதல் தரம். அந்த எழுத்து நடமாடும் இடங்கள் அவசர அவசரமாகக் கட்டியவை. உங்களுக்கு எது முக்கியம் என்பதைப் பொறுத்துத்தான் இந்த கேம் பிடிப்பதும் பிடிக்காததும்.

ஆரிஜின்ஸ் ஆடாமல் நேராக இதற்கு வரலாமா?

தாராளமாக. நாயகன் புதியவன், ஊர் புதிது, கதையும் தனிக்கதை. ஆரிஜின்ஸ் ஆடிச் சேமித்த சேவ் ஃபைல் இருந்தால் இறக்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் தயாராக வைத்திருக்கும் மூன்று பின்னணிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். இறக்கினாலும் பெரிய பலன் இல்லை. பழைய முகங்கள் சிலர் வந்து தலைகாட்டிவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான். ஆரிஜின்ஸில் கூட்டாளியாக வரும் லெலியானாவை உங்கள் கையாலேயே கொன்றிருந்தாலும் இங்கே அவர் நன்றாகத்தான் நடமாடுகிறார். முதல் பாகத்தின் முடிவுகளுக்கு இங்கே எவ்வளவு மரியாதை என்பது இதிலிருந்தே புரிந்துவிடும்.

கதை என்ன? மறுபடியும் உலகத்தைக் காப்பாற்ற வேண்டுமா?

வேண்டாம். அதுதான் இதன் முதல் பலம்.

ஃபெரெல்டன் நாட்டில் டார்க்ஸ்பான் என்ற அரக்கர் கூட்டத்தின் படையெடுப்பு. லோதரிங் என்ற ஊரிலிருந்து உயிர்பிழைக்க ஓடும் அகதிக் குடும்பத்தில் மூத்த பிள்ளை ஹாக். அதுதான் நீங்கள், ஆணாகவும் ஆடலாம், பெண்ணாகவும் ஆடலாம். அம்மா, தம்பி கார்வர், தங்கை பெத்தனி கூட வருகிறார்கள். ஊரைத் தாண்டுவதற்குள் தம்பி தங்கையில் ஒருவர் செத்துவிடுவார். ஹாக் மந்திரவாதி என்றால் பெத்தனி, மற்றபடி கார்வர். மிச்சமுள்ளவர்கள் கப்பலேறி கர்க்வால் என்ற துறைமுக நகரத்துக்கு வந்து சேர்கிறார்கள். அங்கே மாமன் வீடு இருக்கிறது, ஆனால் குடும்பச் சொத்தை அவர் எப்போதோ சூதில் தொலைத்துவிட்டார். அப்புறம் நடப்பதெல்லாம் அந்த ஒரே நகரத்தில், ஏறக்குறைய ஏழு வருடங்களில். மூன்று அத்தியாயங்கள், ஒவ்வொன்றுக்கும் இடையே மூன்று வருட இடைவெளி.

முதல் அத்தியாயத்தில் உங்கள் பெரிய லட்சியமே 50 தங்கக் காசு சேர்ப்பதுதான். அதைக் கொடுத்தால் பூமிக்கடியில் புதையல் தேடிப் போகும் கூட்டத்தில் பங்காளி ஆகலாம். தீய சக்தி, தீர்க்கதரிசனம் எதுவும் இல்லாமல் காசுக்காக வேலை தேடி அலையும் நாயகனை இந்த வகை கேம்களில் அபூர்வமாகத்தான் பார்க்கிறோம்.

வேரிக் கதை சொல்வதாக அமைத்திருக்கிறார்களே, அது வெறும் அலங்காரமா?

இல்லை, நன்றாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். வேரிக் டெத்ராஸ் குள்ளர் இனத்தவர், எழுத்தாளர், புளுகர். கசாண்ட்ரா என்ற விசாரணை அதிகாரி அவரை நாற்காலியில் உட்காரவைத்து "ஹாக் யார், என்ன நடந்தது" என்று கேட்க, வேரிக் சொல்லச் சொல்ல நாம் ஆடுகிறோம். தொடக்கத்தில் ஹாக் அடிக்கும் ஒவ்வோர் அடிக்கும் டார்க்ஸ்பான் கொத்துக்கொத்தாகச் சாகும். கசாண்ட்ரா கடுப்பாகி, உண்மையைச் சொல் என்று மிரட்டியதும் அதே இடம் மறுபடி வரும். இந்த முறை ஹாக் சாதாரண ஆள். சண்டைப் பயிற்சியும் முடிந்தது, கதை சொல்பவர் எப்பேர்ப்பட்டவர் என்பதும் தெரிந்தது.

இதைவிட நல்லது இரண்டாம் அத்தியாயத்தில். துரோகம் செய்த அண்ணன் பார்ட்ராண்டின் மாளிகைக்குள் வேரிக் தனி ஆளாகப் புகுந்து எல்லோரையும் சுட்டுத் தள்ளுகிறார். நாமே ஆடுகிறோம், யாராலும் அவரைத் தொடமுடிவதில்லை. சிரித்துக்கொண்டே ஆடிக்கொண்டிருக்கும்போது கசாண்ட்ரா குறுக்கிட, உண்மையில் நடந்தது தொடங்குகிறது. இப்படி இன்னும் நாலு இடம் வைத்திருக்கலாம். இவ்வளவு நல்ல உத்தியைக் கையில் வைத்துக்கொண்டு பாதி கேமுக்கு மறந்துவிட்டார்கள்.

சரி, அப்படியானால் ஏன் இவ்வளவு திட்டு?

குகை.

கேம் முழுக்க ஒரே குகை. ஒரே பாதாளச் சாக்கடை, ஒரே பணக்கார மாளிகை, ஒரே கிடங்கு, ஒரே கடற்கரை. குவெஸ்ட் மாறினால் சில கதவுகளை அடைத்துவிட்டு வேறு வாசலில் உங்களை இறக்கிவிடுவார்கள். கொடுமை என்னவென்றால், கதவை அடைத்தவர்கள் மினிமேப்பை மாற்றவில்லை. நீங்கள் போகமுடியாத அறைகளும் பாதைகளும் மூலையில் வரைபடமாகத் தெரிந்துகொண்டே இருக்கும். இரண்டாம் அத்தியாயத்துக்கு வருவதற்குள் எந்த வளைவில் பெட்டி இருக்கும், எந்த இறக்கத்தில் சிலந்தி குதிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

கர்க்வாலுக்கும் இதே கதிதான். மேட்டுக்குடி வாழும் ஹைடவுன், ஏழைகளின் லோடவுன், அதற்கும் கீழே டார்க்டவுன், துறைமுகம், மந்திரவாதிகளை அடைத்து வைத்திருக்கும் கேலோஸ். பகலுக்கும் இரவுக்கும் தனித்தனியே போகலாம் என்பதைத் தவிர, ஏழு வருடத்தில் இந்த ஊரில் ஒரு தட்டுக்கடை கூட இடம் மாறுவதில்லை. ஒரு நகரத்தின் பல வருட வாழ்க்கையைச் சொல்கிறோம் என்று அறிவித்துவிட்டு அந்த நகரத்துக்கு வயதே ஆகாமல் வைத்திருப்பது சின்னக் குறை இல்லை. கேமின் மையக் கருத்தையே இது அடிக்கிறது. ஒரே ஊரில் கதையை வைத்தது தப்பில்லை. அந்த ஊர் நம் கண்ணெதிரே மாறியிருந்தால் அதுவே பெரிய பலமாகியிருக்கும்.

சைட் குவெஸ்டுகளில் பல, பிணத்தின் பையில் கிடக்கும் பொருளை எடுத்து ஊருக்குள் நிற்கும் யாரோ ஒருவரிடம் கொடுப்பதோடு முடிந்துவிடும். அவர் நன்றி சொல்வார், காசு கொடுப்பார். நமக்கு எப்படித் தெரிந்தது இது அவருடையது என்று? யாரும் கேட்பதில்லை. பெட்டியைத் திறந்தால் கிழிந்த கால்சட்டை.

ஏன் இப்படி ஆனது? பயோவேருக்கு வேலை தெரியாதா?

நேரம் இல்லை, அதுதான். ஆரிஜின்ஸ் பல வருட உழைப்பு. இதற்குக் கிடைத்தது ஒன்றரை வருடத்துக்கும் குறைவு. இரண்டு கேம்களுக்கும் இடையே வெறும் 16 மாதம்தான் என்பதைக் கவனித்தாலே விஷயம் விளங்கும். ஆரிஜின்ஸின் லீட் டிசைனர் பிரென்ட் நோல்ஸ் இதன் வேலை நடந்துகொண்டிருந்தபோதே நிறுவனத்தை விட்டுப் போனார். மைக் லெய்ட்லா பொறுப்பேற்றார். எழுத்துக் குழுத் தலைவர் டேவிட் கெய்டர் மட்டும் மாறவில்லை.

அவசரத்தில் எது அடிபடும் என்று பார்த்தால், புது இடங்களைக் கட்டுவதும் எதிரிகளை யோசித்து நிறுத்துவதும்தான் முதலில். உரையாடல் தப்பித்துவிட்டது. அதனால்தான் ஒரே கேமுக்குள் இரண்டு தரம்.

சண்டை எப்படி? ஆரிஜின்ஸ் மாதிரி யோசித்து ஆடலாமா?

கை வேகம் கூடியிருக்கிறது. ஆரிஜின்ஸில் வாள் வீரன் எதிரியை நோக்கிப் போய், நின்று, தோதாக ஒதுங்கி, அப்புறம்தான் அடிப்பான். இங்கே பட்டனை அழுத்தினால் அந்த நொடியே பாய்ந்துவிடுவான். ரோகாக (மறைந்து தாக்கும் ஆளாக) ஆடினால் இரட்டைக் கத்தியோடு எதிரிக்குப் பின்னால் தோன்றும் வேகம் இன்றும் நன்றாக இருக்கிறது.

நல்ல யோசனை ஒன்றும் உண்டு. மூன்று வகுப்புகளும் எதிரியை ஒவ்வொரு நிலைக்குத் தள்ளலாம்: வாரியர் (போர்வீரர்) தடுமாற வைப்பார், ரோக் குழம்ப வைப்பார், மேஜ் (மந்திரவாதி) பனியால் உறையவைத்து நொறுங்கும் நிலைக்குக் கொண்டுவருவார். அந்த நிலையில் இருக்கும் எதிரி மேல் வேறு வகுப்பின் சரியான ஸ்கில்லைப் போட்டால் சேதம் பல மடங்கு. குழுவாக ஆடுகிறோம் என்ற உணர்வைத் தருவது இதுதான்.

கெடுப்பது அலை அலையாக வரும் எதிரிகள். பத்துப் பேரை அடித்து முடித்து மூச்சு விடுவதற்குள் இன்னும் பத்துப் பேர் கூரையிலிருந்து குதிப்பார்கள். கூரையே இல்லாத இடத்திலும் குதிப்பார்கள். மந்திரவாதியைப் பாதுகாப்பாகப் பின்னால் நிறுத்துவது, குறுகலான வாசலில் வாரியரை வைத்து அடைப்பது எல்லாம் வீண். அடுத்த அலை மேஜின் முதுகுக்குப் பின்னாலேயே இறங்கும். கம்ப்யூட்டரில் ஆரிஜின்ஸ் ஆடியவர்களுக்கு இன்னொரு வருத்தம், மேலிருந்து முழுக் களத்தையும் பார்க்கும் கேமராவை எடுத்துவிட்டார்கள். உங்கள் தீ உங்கள் ஆட்களைச் சுடுவதும் மிகக் கடினமான நைட்மேர் லெவலில் மட்டும்தான்.

எந்த லெவலில் ஆடுவது?

நார்மல். ஹார்டில் சண்டை கடினமாவதைவிட நீளமாகிறது. கதைக்காக மட்டும் வருகிறீர்கள் என்றால் கேஷுவலில் வைத்துவிட்டுக் கூச்சப்படாமல் ஆடுங்கள்; குகைகள் சீக்கிரம் முடியும்.

கூட்டாளிகள்தான் இதன் உயிர் என்கிறார்களே?

ஆமாம். என்னைக் கேட்டால் மொத்த டிராகன் ஏஜ் வரிசையிலும் சிறந்த கூட்டம் இதுதான்.

இவர்கள் உங்களுக்காகக் காத்துக்கொண்டு ஒரு முகாமில் நிற்பதில்லை. ஆளுக்கொரு வீடு, வேலை, வம்பு. நீங்கள் இல்லாதபோதும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வருகிறார்கள், சீட்டு ஆடுகிறார்கள், சண்டை போட்டுக்கொள்கிறார்கள். தெருவில் நடக்கும்போது பின்னால் அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்பதற்காகவே குழுவை மாற்றி மாற்றி அழைத்துப் போகலாம். தப்பி வந்த அடிமை ஃபென்ரிஸுக்கு மந்திரவாதிகள் என்றாலே ஆகாது. ஆண்டர்ஸ் மந்திரவாதிகளின் விடுதலையைத் தவிர வேறு பேச்சே பேசமாட்டார். இருவரையும் ஒன்றாகக் கூட்டிப்போனால் ஒரு மாலை நேரத்துக்குப் போதுமான ரகளை.

ஒரு குவெஸ்டை மட்டும் சொல்கிறேன். அவலின், நகரக் காவல் படைத் தலைவி. கணவனை இழந்தவர். எதற்கும் அஞ்சாதவர். தன் கீழ் வேலை பார்க்கும் டானிக் மேல் ஆசை வந்துவிட்டது, சொல்லத்தான் வாய் வரவில்லை. நம்மைக் கூப்பிட்டு, செம்பில் செய்த சாமந்திப் பூத் தகடு ஒன்றைக் கொடுத்து அவரிடம் சேர்க்கச் சொல்கிறார். டானிக்குக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பிறகு மூன்று ஆடும் ஒரு கட்டுக் கோதுமையும் சீதனம் என்று ஆரம்பிக்கிறார். மதுக்கடையில் சந்திப்பு ஏற்பாடு செய்தால், டானிக் நாம்தான் அவரை விரும்புகிறோம் என்று நினைத்துக்கொள்கிறார். கடைசியில் இருவரையும் ரோந்துக்கு அனுப்பிவிட்டு, வழியில் உள்ள கொள்ளையர்களை நாம் முன்னால் ஓடி அடித்துத் துரத்த வேண்டும். அவலினோ கிடைத்த நேரத்தில் வானிலையும் வாள் பராமரிப்பும் பேசுகிறார். ஓர் உலகமும் இதனால் அழியாது. ஆனால் கேம் முடித்து எத்தனையோ காலம் ஆனாலும் நினைவில் நிற்பது இந்த மாதிரி விஷயங்கள்தான்.

நட்பு, போட்டி என்று ஒரு அளவுகோல் இருக்கிறதே, அது எப்படி வேலை செய்கிறது?

வழக்கமான கேம்களில் கூட்டாளியை மெச்சவைத்தால் லாபம், கோபப்படுத்தினால் நஷ்டம். இங்கே அளவுகோலின் இரண்டு முனையுமே லாபம். முழு நட்புக்கு ஒரு சிறப்புத் திறன், முழுப் போட்டிக்கு வேறொரு திறன். போட்டி என்றால் பகை இல்லை. உங்களோடு ஒத்துப்போகாவிட்டாலும் உங்கள் மேல் மதிப்பு வைத்திருப்பது. போட்டியிலும் காதல் வரலாம்.

கூட்டாளிக்கு ஐஸ் வைத்தே ஆகவேண்டிய கட்டாயத்தை இது ஒரே அடியில் ஒழித்தது. உங்கள் கருத்தை ஒளிவு மறைவில்லாமல் பேசலாம். சிக்கல் நடுவில்தான்: ஒருநாள் ஆதரித்து ஒருநாள் எதிர்த்தால் முள் நடுவிலேயே நிற்கும், எதுவும் கிடைக்காது. அதனால் யாரிடம் எந்தப் பக்கம் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு அதே பாதையில் போங்கள். எனக்குத் தெரிந்து பயோவேர் செய்த நல்ல சிஸ்டங்களில் இது ஒன்று. அடுத்த பாகத்தில் இதைக் கைவிட்டதை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஹாக் பேசுவது பிடிக்கவில்லை என்கிறார்கள் சிலர்.

ஆரிஜின்ஸில் நாயகனுக்குக் குரல் கிடையாது, வசனம் முழுதாக எழுத்தில் வரும். இங்கே திரையில் வரும் உரையாடல் சக்கரத்தில் நாலு சொல் தெரியும், தேர்ந்தெடுத்தால் ஹாக் வேறு வார்த்தைகளில் பேசுவார். நாம் நினைத்தது ஒன்று, அவர் சொன்னது ஒன்று என்று ஆகலாம். அதைத் தவிர்க்கத்தான் பக்கத்தில் படக்குறி வைத்திருக்கிறார்கள்: சாந்தம், கிண்டல், முரட்டுத்தனம்.

பலருக்குத் தெரியாத விஷயம், நீங்கள் எதை அதிகம் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று கேம் கணக்கு வைத்துக்கொள்கிறது. கிண்டலையே அழுத்தி வந்தால், நீங்கள் தேர்ந்தெடுக்காமல் ஹாக் தானாகப் பேசும் வரிகளும் கிண்டலாக மாறிவிடும். முதல் முறை ஆடுபவர்கள் கிண்டல் ஹாக்கை எடுங்கள். குரல் கொடுத்த ஜோ வையட், நிக்கலஸ் போல்டன் இருவருமே அதில் பிரமாதம்.

இரண்டாம் அத்தியாயம்தான் உச்சம் என்பது உண்மையா? (கதை தெரிய வேண்டாம் என்பவர்கள் இதையும் அடுத்ததையும் தாண்டிவிடுங்கள்)

உண்மை. கொம்பு வைத்த குனாரிப் படை கப்பல் உடைந்து கர்க்வாலில் ஒதுங்கி, போகாமல் வருடக்கணக்காக உட்கார்ந்திருக்கிறது. தலைவர் அரிஷாக்கை முதல் அத்தியாயத்திலேயே சந்திப்போம். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அவருக்கு இந்த ஊரின் அழுகல் மீது அருவருப்பு கூடிக்கொண்டே போகிறது. அவர் சொல்வதில் பாதி சரிதான் என்று நமக்கே தோன்றும், அதுதான் விசேஷம். அவர்கள் தேடும் புனித நூலைத் திருடியது நம் கூட்டாளி இசபெல்லா. நெருக்கடியில் அவள் நூலோடு ஓடிவிடுவாள். அவளோடு உறவை எப்படி வளர்த்தோம், அவள் குவெஸ்டை முடித்தோமா என்பதைப் பொறுத்து, திரும்பி வருவாள் அல்லது வரவே மாட்டாள். அந்தரங்க உறவும் நகரத்தின் விதியும் ஒரே முடிச்சில் விழுகிற இடம் இது.

இதே அத்தியாயத்தில்தான் அம்மாவின் சாவும். முதல் அத்தியாயத்தில் காணாமல்போன பெண்களைப் பற்றி அலட்சியமாக முடித்த குவெஸ்ட் ஒன்று, வருடங்கள் கழித்து வீட்டு வாசலில் வெள்ளை லில்லிப் பூக்களாக வந்து நிற்கும். என்ன செய்தாலும் அவரைக் காப்பாற்ற முடியாது.

நம் முடிவுகளுக்கு மதிப்பே இல்லையாமே?

மூன்றாம் அத்தியாயத்தைப் பற்றிய இந்தப் புகாரைப் பாதி ஒப்புக்கொள்கிறேன். மந்திரவாதிகளுக்கும் அவர்களைக் காவல் காக்கும் டெம்ப்ளர்களுக்கும் மோதல். ஒரு பக்கம் டெம்ப்ளர் தலைவி மெரடித், மறுபக்கம் மந்திரவாதிகளின் தலைவர் ஒர்சினோ. நடுவில் ஆண்டர்ஸ் கோயிலையே வெடிவைத்துத் தகர்த்துவிடுகிறார். தடுக்க வழியில்லை, கூடவே வைத்திருந்த நண்பர் கண்ணெதிரே செய்கிறார். இந்தக் கையாலாகாத்தனம் எனக்குப் பிடித்தே இருக்கிறது. ஹாக் வீரர்தான், ஆனால் ஓர் ஊரின் சீரழிவை ஒற்றை ஆள் நிறுத்த முடியுமா?

ஆனால் ஒர்சினோ விஷயத்தில் மன்னிப்பே கிடையாது. மந்திரவாதிகள் பக்கம் நின்று, அவருக்காக உயிரைக் கொடுத்துப் போராடிக்கொண்டிருப்போம். ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே அவர் திடீரென்று பிணங்களைச் சேர்த்து ராட்சசனாகி நம்மையே தாக்குவார். ஒரு பாஸ் சண்டை தேவைப்பட்டது என்பதைத் தவிர இதற்குக் கதையில் காரணம் இல்லை. எந்தப் பக்கம் போனாலும் கடைசிச் சண்டை மெரடித்தோடுதான்.

மேஜாக ஆடலாமா?

ஆட ஜோர், கதைக்கு ஓட்டை. மந்திரவாதி என்று தெரிந்தால் பிடித்துக் கேலோஸில் அடைக்கும் ஊரில், டெம்ப்ளர்கள் பார்க்கப் பார்க்க நடுத்தெருவில் தீ மழை பொழியலாம். ஒருவரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ரத்த மந்திரம் கற்றாலும் அப்படியே. முதல் முறை ரோகாக ஆடினால் பெத்தனி உயிரோடு கூட வருவாள், கார்வரைவிட நல்ல துணை.

டிஎல்சி (கேமுக்குப் பின் தனியாக விற்ற கூடுதல் பகுதிகள்) எதெல்லாம் தேவை?

ஸ்டீமில் கிடைக்கும் அல்டிமேட் எடிஷனில் எல்லாம் சேர்ந்தே வருகிறது, அதனால் தனியாக வாங்கும் கவலை இல்லை. லெகசியைத் தவறவிடாதீர்கள். புது இடங்கள், ஹாக்கின் அப்பாவைப் பற்றிய பழைய கதை, அப்புறம் கொரிஃபியஸ் என்ற வில்லன். போகும்போது தம்பியோ தங்கையோ குழுவில் இருந்தால் பேச்சு கூடுதலாகக் கிடைக்கும். மார்க் ஆஃப் தி அஸாசின் மாளிகை விருந்தும் வைவெர்ன் (டிராகன் போன்ற விலங்கு) வேட்டையுமாக ஜாலியாகப் போகும். பதுங்கிப் போகும் பகுதிதான் கொஞ்சம் இழுவை. எக்ஸைல்டு பிரின்ஸ் செபாஸ்டியன் என்ற கூட்டாளியைத் தருகிறது. பக்திமான், வில்லாளி, அறுவை. எக்ஸால்டட் மார்ச் என்ற பெரிய விரிவாக்கம் ஒன்றும் திட்டத்தில் இருந்தது, கைவிட்டுவிட்டார்கள்.

இன்குவிசிஷனுக்கு முன் இதை ஆடியே ஆகவேண்டுமா?

வரிசையின் மூன்றாம் பாகமாக 2014இல் வந்த இன்குவிசிஷனை முழுதாக ரசிக்க வேண்டுமென்றால் ஆமாம். அதன் வில்லனே லெகசியில் வந்த கொரிஃபியஸ். வேரிக், கசாண்ட்ரா இருவரும் அங்கே உங்கள் கூட்டாளிகள். ஹாக்கும் வருவார், அவர் தலையெழுத்தை நீங்களே தீர்மானிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நாற்பது மணி நேரம் பழகிய ஆளாக இருந்தால்தான் அங்கே கை நடுங்கும்.

நேரம் குறைவு என்றால் முதன்மைக் குவெஸ்டுகள், கூட்டாளிகளின் குவெஸ்டுகள், லெகசி, இவ்வளவு போதும். தெருவில் நிற்பவரிடம் ஒப்படைக்கச் சொல்லும் எலும்புக்கூடு, மோதிரம், துணிமூட்டை வகையறாவை வழியில் கிடைத்தால் எடுங்கள், தேடிப் போகாதீர்கள்.